நாற்காலிக்குக் காலுறை

9

சென்ற இதழைக் கோட்டை விட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. நம் பெரியவருக்கு நூற்றியொரு வயது. முன்னாள் பஸ் கண்டக்டர். நூறைத் தாண்டியவர்களிடம் போய் ரகசியம் கேட்டு எழுதும் ஒரு பத்திரிகைப் பெண் அவரைத் தேடி வந்திருக்கிறாள். பெரியவரைப் பார்த்துக்கொள்வது மகள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவுக்கே டெலிபோன் அக்கா. மாடியில் தம்பி குடும்பம். தம்பி கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இவ்வளவு தெரிந்தால் போதும், உள்ளே வரலாம். வரும்போது செருப்பைத் தொப்பென்று போடாதீர்கள்.

ஏனென்றால் அந்த வீட்டில் சத்தம் கூடாது. பேச்சுக்குச் சொல்லவில்லை. வாசலில் அழைப்பு மணி கிடையாது. பொத்தானை அழுத்தினால் சமையலறையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். குக்கர் உண்டு, விசில் கிடையாது. அது வாயைத் திறப்பதற்குள் அக்கா அடுப்பை அணைத்துவிடுவார். மிக்ஸி பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. டிவியில் படம் மட்டும் ஓடும். சாப்பாட்டு மேஜை நாற்காலிகளின் கால்களுக்கெல்லாம் பழைய காலுறைகளை மாட்டி நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறார் அக்கா. இழுக்கும்போது கீச்சிடக் கூடாதாம்.

முதல் நாள் வந்த பத்திரிகைப் பெண், "நாற்காலிக்கு ரொம்பக் குளிருதா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தாலும் சத்தம்தானே.

எல்லாம் பெரியவரின் இதயத்துக்காக. முப்பது வருடத்துக்கு முன்னால், அக்காவோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த லைன்மேன் ஒருவர் அக்காவைப் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தார். அக்காவுக்கு அன்று பகல் டியூட்டி. திரும்பி வருவதற்குள் லைன்மேன் போய்விட்டிருந்தார். வீட்டை விட்டு மட்டுமல்ல, மாற்றல் எழுதி வாங்கிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார். எந்த ஊரையும் கூப்பிட்டுப் பேசத் தெரிந்த அக்கா அவரையும் கூப்பிட்டார். "என்னைக் கேக்காதீங்க. உங்க வீட்டுல கேட்டுக்குங்க" என்று சொல்லி அந்த மனிதர் போனை வைத்துவிட்டார்.

அன்று அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவின் எதிரே நின்று கத்தினார். "அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பிதான் செய்தி கொண்டுவந்தார். அப்பா முன்னால் யாரும் குரலை உயர்த்தக் கூடாது, மனம் நோகும்படி ஒரு கேள்வி கேட்கக் கூடாது, இன்னொரு தடவை வந்தால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அக்கா கேள்வியை விழுங்கிக்கொண்டார். கல்யாணம் என்ற பேச்சும் அதோடு போயிற்று.

இனி இன்றைய காலை.

பெரியவரைத் தினமும் காலையில் தம்பி கைப்பிடித்து அழைத்துப் போவார். கடைத்தெரு வரை நடை, அங்கே சலூனில் உட்கார்ந்து அமைதியாகப் பேப்பர் படிப்பு. வெயில் ஏறுவதற்குள் சலூன்காரரே துணைக்கு வந்து வீட்டில் கொண்டுவிடுவார். அக்கா அந்தப் பக்கம் போனதே இல்லை. அந்த நேரத்தில்தானே வீட்டு வேலை முழுவதையும் முடித்தாக வேண்டும்.

"சலூன்ல எல்லாம் போட்டோ எதுக்கும்மா? வீட்டுலயே நல்ல வெளிச்சம் இருக்கே" என்று தம்பி பத்திரிகைப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தார்.

"அவரோட ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு காட்டணும் சார். அதுதான் வாசகர்களுக்குப் பிடிக்கும்."

தம்பிக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனாலும் மூவரும் கிளம்பினார்கள். அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் மேஜையில் பெரியவரின் கண்ணாடி இருப்பதை அக்கா பார்த்தார். கண்ணாடி இல்லாமல் பேப்பரை எப்படிப் படிப்பார்? போட்டோவில் எப்படி விழுவார்? அக்கா அதைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சலூனுக்கு இரண்டு கடை முன்னாலேயே குரல் கேட்டது.

"யாருகிட்ட கதை விடுற? டிக்கெட் எங்க? எடு பார்க்கலாம்."

அக்காவுக்குக் கால் நின்றுவிட்டது. பின்படிக்கட்டில் நின்று கொண்டு டிரைவர் காதில் விழ வைக்கிற குரல் அது. சின்ன வயதில் தெருக்கோடியில் பஸ் வரும்போதே அப்பா வருகிறார் என்று காட்டிக்கொடுத்த குரல். அது எப்போதோ போய்விட்டது என்று அக்கா நினைத்திருந்தார். வீட்டில் அவர் பேசுவது காற்றுப் போன டியூப் மாதிரி புஸ் என்று வரும்.

"டிக்கெட் என் பையில இருந்துச்சு. நீங்க பார்க்கல." இது சலூன்காரர்.

"பார்த்தேன். அது பழைய டிக்கெட்."

"புத்தம் புது டிக்கெட். உங்க கையால கிழிச்சுக் குடுத்தது. மழையில இறக்கிவிட்டீங்களே, மனுஷனா நீங்க?"

"இன்னொரு தடவை ஏறு, இன்னொரு தடவை இறக்கிவிடுவேன்."

அக்கா ஓடினார். அறுபத்தாறு வயதில், மூட்டு வலியோடு ஓடினார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர், வேறு எதையும் யோசிக்காமல் சலூன்காரரின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். சலூன்காரருக்கு எழுபது வயதிருக்கும். ஒரு கையில் கத்தியும் மறு கையில் சோப்பு நுரையுமாக அப்படியே நின்றார்.

"சத்தம் போடாதீங்க. அவருக்கு ஆகாது. அப்பா, உக்காருங்க. மூச்சை மெதுவா விடுங்க."

பெரியவர் நின்றுகொண்டிருந்தார். தடியை ஒரு பக்கம் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து, முகம் சிவக்க, ராஜா மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

பாதி முகம் சவரமாகி உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார். "மேடம், பயப்படாதீங்க. இது தினமும் நடக்கறதுதான். நாங்க சில பேர் இதுக்குன்னே இந்த நேரமாப் பார்த்து வர்றோம்."

"தினமுமா?"

சலூன்காரர் அக்காவின் கையை மெதுவாக விலக்கினார். "அக்கா, நான் ஸ்கூல் படிக்கும்போது என்னை மழையில பஸ்ஸ விட்டு இறக்கிவிட்டாரு. இந்தக் கடை போட்ட முதல் நாள் முடிவெட்ட வந்து உக்காந்தாரு. துண்டைப் போட்டுட்டுக் கேட்டேன், ஏன் இறக்கிவிட்டீங்கன்னு. அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை. என் பையன் பெரியவனாயிட்டான், பேரன் வந்துட்டான், இன்னும் முடியல. விசில் அண்ணனுக்கு இதுதான் டானிக்."

விசில் அண்ணன். அப்பாவுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அக்காவுக்குத் தெரியாது.

பெரியவர் அப்போதுதான் மகளைச் சரியாகப் பார்த்தார். தோள் இறங்கியது. முதுகு வளைந்தது. கை நெஞ்சுக்குப் போனது.

"கொஞ்சம் படபடப்பா இருக்கும்மா" என்றார், வீட்டுக் குரலில்.

காத்திருந்த இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா அதையும் பார்த்தார். கண்ணாடி உறையை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பத்திரிகைப் பெண் பின்னாலேயே வந்தாள். நல்ல பெண், பாவம். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மேடம், எழுதினதை உங்ககிட்ட ஒரு தடவை சரிபார்த்துக்கலாமா? இவ்வளவு பேரைப் பார்த்தாச்சு, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுக்கறாங்க. ஒருத்தர் பாலைத் தொடாதேன்னார். இன்னொருத்தர் பாலைத் தவிர எதையும் தொடாதேன்னார். ஒரு டீச்சரம்மா, கல்யாணம் பண்ணிக்காததுதான் ரகசியம்னாங்க. இங்க வந்து ஐயா சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"என்ன சொன்னார்?"

வீட்டில் அவர் சொன்னது அக்காவுக்கு மனப்பாடம். அரை வயிறு சாப்பாடு, சீக்கிரம் தூக்கம், கோபமே கூடாது, வீட்டில் சத்தம் கூடாது. அதைத்தான் எதிர்பார்த்தார்.

பெண் போனைப் பார்த்துப் படித்தாள். "மனசுல பட்டதை அன்னைக்கே வாய்விட்டுக் கேட்டுடணும். உள்ள வெச்சா அழுகிடும். நான் ஒரு வார்த்தையும் முழுங்கினதில்லை. அதான் நூறைத் தாண்டி நிக்கறேன்." அவள் தயங்கினாள். "அடுத்த வரி உங்களைப் பத்தி. போடலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"படிம்மா."

"என் பொண்ணைப் பாருங்க. எதையும் வெளிய சொல்ல மாட்டா. எல்லாத்தையும் உள்ளயே வெச்சுப்பா. அதான் இந்த வயசுலயே சுகர், பிரஷர், மூட்டு வலி எல்லாம். அவ என் வயசைப் பார்க்க மாட்டா."

சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அக்கா அசையவில்லை. ஒரு சலூன்காரருக்குத் தினமும் கேட்க உரிமை இருந்திருக்கிறது. ஒரு பஸ் டிக்கெட்டைப் பற்றி, ஒரு நாள் தவறாமல், தொண்டை கிழிய. தனக்கு இரண்டாவது தடவை கேட்கக் கிடைக்கவில்லை. அதையும் குற்றமாகச் சொல்லி ஊருக்குப் புத்தி சொல்லியிருக்கிறார் இந்த மனிதர்.

"எடுத்துடட்டுமா மேடம்?"

"எதுக்கு? அப்படியே போடு. உண்மையைத்தானே சொல்லியிருக்கார்."

மருந்துக்கடை அதே வரிசையில்தான். கல்லாவில் தம்பி நின்றுகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் மாத்திரை அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கியிருந்ததையே அடுக்கினார்.

"சலூன்லேர்ந்துதான் வரேன்" என்றார் அக்கா.

"போகாதன்னு சொல்ல நினைச்சேன்."

"உனக்குத் தெரியும்."

"ஏதோ கொஞ்சம் தமாஷா பேசிப்பாங்க அக்கா. வயசானவங்க."

"தமாஷா? தெருமுனை வரைக்கும் கேக்குது. தினமும் நீதான் கொண்டுபோய் விடுற. விட்டுட்டு இங்க வந்து நின்னுக்கற. நான் அங்க குக்கருக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு அது கத்திடக் கூடாதேன்னு காவல் காக்கறேன்."

ஒரு வாடிக்கையாளர் இருமல் மருந்து கேட்டு வந்தார். தம்பி நிம்மதியோடு திரும்பி, தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று விளக்கினார். அக்கா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வாடிக்கையாளர் போனார்.

"டாக்டர் அன்னைக்கு என்னதான் சொன்னார்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"நீ மட்டும்தான் கூட இருந்த. என்ன சொன்னார்?"

தம்பி கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்தார். "ஒரு மாசம் பார்த்துக்கச் சொன்னார். அப்புறம் எப்பவும் போல இருக்கலாம்னார்."

"ஒரு மாசம்."

"அப்பா தேறினதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அவரே, இப்ப வேண்டாம், வீடு இப்படியே இருக்கட்டும்னுட்டார். உனக்கும் பழகிப்போச்சு. நீயா ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டே போன. காலுறை எல்லாம் யாரு போடச் சொன்னா?"

"நான்தான் போட்டேன். எங்கப்பா செத்துடக் கூடாதுன்னு போட்டேன்."

தம்பி கல்லாவைத் திறந்து மூடினார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நல்லா ஏமாத்தியிருக்கீங்கடா. அவர் சொல்லலன்னா அவர் சுயநலம். நீ ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அந்தக் கேள்வியைக் கேட்டிருப்ப."

"கேட்டா என்ன? பதில் சொல்ல வேண்டியது அவர்தானே. உனக்கு என்ன வந்துச்சு?"

தம்பியின் முகத்தில் ஏதோ வந்து போனது. அக்கா அதைக் கவனித்தார். ஆனால் அப்போது அவர் மனம் முழுக்க ஒருவர்தான் இருந்தார். மீதியை யோசிக்க இடமில்லை.

"அக்கா, வீட்டுக்குப் போய் எதையும் ஆரம்பிச்சுடாத. நூத்தியொரு வயசு. நான் வரேன், சேர்ந்து பேசலாம்."

"நீ மெதுவா வா. உன் கடையைப் பாரு."

வீட்டுக்கு வந்து அக்கா வழக்கம்போலவே சமைத்தார். காய் நறுக்கினார், அரிசி களைந்தார், குக்கரை ஏற்றினார். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனம் வேறெங்கோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சில் அக்காவின் குரலைக் கேட்பதற்காகவே லைன் போட்டுக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் குரலை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகு அதை எடுத்து மாட்டிக்கொள்ள வேறு இடமும் இல்லாமல் போயிற்று. இப்போது வாயைத் திறந்தால் அது வருமா என்றுகூடத் தெரியவில்லை.

சலூன்காரர் பெரியவரைக் கொண்டுவந்து விட்டார். வாசலிலேயே நின்று, "அக்கா, நான் ஏதாவது தப்பா..." என்று இழுத்தார்.

"நீங்க தப்பா எதுவும் பண்ணல. நாளைக்கும் கேளுங்க" என்றார் அக்கா.

பெரியவர் முன்னறை சாய்வு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை. இமை துடித்துக்கொண்டிருந்தது.

சமையலறையில் குக்கர் முனக ஆரம்பித்தது. அக்காவின் கை அடுப்புக்குப் போய், பாதியில் நின்றது. திரும்பி வந்தது. குக்கர் விசில் அடித்தது. முழு விசில், நீளமாக. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

முன்னறையில் பெரியவர் தூக்கிவாரிப் போட நிமிர்ந்தார். "என்னம்மா சத்தம்?"

"குக்கர். வெந்துடுச்சுன்னு சொல்லுது."

அக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேஜையின் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து நூலை வெட்டினார். காலுறைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அடியில் மரம் புதிதாகவே இருந்தது. நாற்காலியை நிமிர்த்தி, தூக்காமல், தரையோடு இழுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். அது வழி நெடுகக் கீச்சிட்டது. அப்பாவின் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"மெதுவாப் பேசும்மா. காலையிலேர்ந்தே ஒரு மாதிரி இருக்கு."

"மெதுவா முப்பது வருஷம் பேசியாச்சு." குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்தது, ஆனால் வந்தது. "அன்னைக்கு லைன்மேன் வந்தாரே, அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

பெரியவரின் கை நெஞ்சுக்குப் போனது. கண்கள் செருகின. உதடு பிரிந்து ஒரு முனகல் வந்தது. அன்று பார்த்த அதே காட்சிதான். அக்காவின் உடம்பு பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தது. ஒரு கணம் பயந்தும் போனார். நிஜமாகவே இருந்தால்? விரல் நகத்தைப் பார்த்தார், சிவப்பாகவே இருந்தது. நெற்றியைப் பார்த்தார், வேர்வை இல்லை. மூடிய இமைக்கு அடியில் கருவிழி தன்னைத் தேடுவதைப் பார்த்தார்.

உட்கார்ந்தார்.

"பிடிச்சுக்குங்க. அந்தக் கை வலிச்சா இந்தக் கையால பிடிச்சுக்குங்க. நான் எங்கயும் போகப் போறதில்ல."

பெரியவர் ஒரு கண்ணைத் திறந்தார். மகள் அப்படியே இருந்தார். கண்ணை மூடினார். மறுபடி திறந்தார். மகள் இன்னும் அப்படியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கை தானாக இறங்கி மடியில் விழுந்தது.

"ஊர்க்காரனெல்லாம் கேக்கலாம். நான் கேட்டா மட்டும் நெஞ்சு வலியா? நீங்க வாழணும்னு நான் வாயை மூடினேன்ப்பா. நீங்க அதைச் சிரிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"சிரிக்கல" என்றார் பெரியவர்.

"பின்ன?"

"வீடு நல்லா இருந்துச்சு. வேளைக்குச் சாப்பாடு வந்துச்சு. நீ கூடவே இருந்த." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "உண்மை தெரிஞ்சா நீயும் கிளம்பிடுவியோன்னு இருந்துச்சு."

அக்காவுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

அப்போதுதான் பெரியவர் முதுகை நிமிர்த்தினார். சலூனில் நின்ற மனிதர் அந்த நாற்காலிக்குள் எழுந்து உட்கார்ந்தார். முப்பது வருடமாக அந்தச் சுவர்கள் கேட்டிராத குரல், பின்படிக்கட்டுக் குரல், வீடு முழுக்க எழுந்தது.

"நான் எங்க சொன்னேன்? நான் அந்த ஆளைக் கண்ணாலயே பார்க்கல. அந்த ஆள் வந்தப்ப நான் உள்ள குளிச்சுட்டு இருந்தேன். வெளிய வந்தா ஆள் இல்ல. வாசல்ல நின்னு பேசி அனுப்பினது அவன்."

பெரியவரின் விரல் மகளைத் தாண்டி நீண்டது. அக்கா திரும்பினார்.

திறந்திருந்த கதவில் தம்பி நின்றுகொண்டிருந்தார். கடையைச் சாத்திக்கொண்டு ஓடி வந்திருக்க வேண்டும், சாவிக்கொத்து கையிலேயே இருந்தது. எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. அக்காவின் கண்ணைப் பார்த்தார், அப்பாவின் விரலைப் பார்த்தார். சாவிக்கொத்து தரையில் விழுந்தது. அவருடைய கை மெல்ல மேலே எழும்பி நெஞ்சுக்குப் போனது.

அக்கா எழுந்தார். மேஜையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலோடு குனிந்தார்.

"உள்ள வா. உனக்கும் ஒரு நாற்காலி போடறேன்."